கடுகண்ணாவ ஏற்றத்தில் நின்ற கம்ப்யூட்டர்

உதுவன்கந்த,
கேகாலை.
பௌர்ணமிப் போயா கழிந்த புதன்கிழமை.

என் அன்புத் தங்கை இரங்கனிக்கு அக்கா பியசீலி எழுதுவது,

மும்மணிகளின் துணை உனக்கும், நீ குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக்கார அம்மாவுக்கும், அவருடைய பூனைக்கும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். உன் கால்வலி குறைந்ததா? மிலானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் அத்தான் இறந்த மூன்றாம் மாதத் தானம் நல்லபடியாக முடிந்தது. மழை உண்டு. பலாமரம் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் எமலின் அக்கா எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடு என்கிறார். புருஷனின் மூத்த சகோதரியிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு வரும் சந்திராணியிடம் வறுத்த மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் நீ கேட்டாயே, 'அக்கா, சாவு வீட்டில் உட்கார்ந்து பஸ் விளையாட்டு விளையாடுகிறாயாமே, உனக்கு என்ன ஆயிற்று' என்று. அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. அதனால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். உன் அத்தான் சாமான்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் பூட்டத் தொடங்கி, பூட்டி முடிக்காமல் போய்விட்டார். அதைப் பூட்டி முடித்துத் தானத்தன்று விகாரைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எமலின் அக்கா நின்றார். பூட்டி முடித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நின்றேன். அவர் ஊர் கேட்கச் சொன்னார், நான் வாயைத் திறக்கவே இல்லை. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது. காலையில் சவரம் செய்து, சட்டை போட்டு, விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார். கொழும்பு கண்டி ரோட்டை எவனோ ஒருவன் அப்படியே விளையாட்டாகச் செய்து வைத்திருக்கிறானாம். பாலம், பள்ளம், அன்னாசிக் கடை எல்லாம் உண்டாம். அதில் பஸ் ஓட்டுவார். முப்பது வருஷம் ஓட்டிய அதே ரோடு. பஸ்கள் தேத்தண்ணிக்கு நிற்கும் அம்பேபுஸ்ஸ வந்தால்தான் நான் தேத்தண்ணி கொண்டுபோகலாம். அதற்கு முந்திக் கொண்டுபோனால், தெரியவில்லையா ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பார். தன்னுடைய பழைய பஸ்ஸின் ஹார்னைக்கூடப் போனில் பிடித்துவந்து அதற்குள் போட்டிருந்தார். பிறகு ஒரு நாள் இடி இடித்து அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து போனது. ஓடிவந்த பக்கத்து வீட்டார், மின்னல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில், வண்டி நிறைய ஆள் என்றார். விளையாட்டு இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. அந்த சனம் இன்னும் அங்கேயேதான் நிற்கும் பியசீலி, சின்னப் பிள்ளைகளும் இருந்தது என்பார்.

அதற்காகத்தான் புதிய கம்ப்யூட்டர். கடையில் அவர் சொன்ன வாசகம் ஒன்றுதான், செலவு அதிகம் வேண்டாம் தம்பி, வீட்டுப் பாவனைக்கும் கொஞ்சம் விளையாட்டுக்கும். வீட்டுப் பாவனை என்பது நான். கரண்ட் பில் கட்டலாம், உன் முகத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், பிக்குமார் ஓதும் பிரித் கேட்கலாம் என்று எனக்கு ஆசை காட்டினார். கொஞ்சம் விளையாட்டு என்பது அவர். சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி வீடெல்லாம் வைத்தார். மதர்போர்டு என் பட்டுச் சேலைக்குக் கீழே, ஈரம் படாமல். ராம் தேயிலை டின்னில். ப்ராசஸர்தான் எஞ்சின், அதற்கு மரியாதை வேண்டும் என்று புத்தர் படத்துக்குப் பின்னால். ஆறு மாதமாக நான் காலையும் மாலையும் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு நீ அனுப்பியது. உன் இத்தாலிக்கார அம்மாவின் பேரன் வேண்டாமென்று தூக்கிப் போட்டதை நீ துணியில் சுற்றி அனுப்பினாய், அதுபற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைசிச் சாமான் பவர் சப்ளை. அதை வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்து வரும்போதுதான் போனார். டிரைவருக்குப் பின்பக்கம், ஜன்னலோரம், பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே. தூங்குகிறார் என்று கண்டக்டர் எழுப்பவில்லை, பழைய டிரைவர் என்ற மரியாதை. நம் வீட்டைத் தாண்டித்தான் அந்த பஸ் போனது. நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பஸ் போவதைப் பார்த்தேன். கண்டியில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பவர் சப்ளையை அவருடைய செருப்போடு சேர்த்து ஒரு பையில் கொடுத்தார்கள். பெட்டியில் ஒரு சிராய்ப்பு இல்லை.

சாவு வீட்டில் படங்களைத் திருப்பி வைப்போமே. எமலின் அக்கா வந்ததும் வராததுமாகக் கலியாணப் படம், நீ மிலானில் பெரிய கோயில் முன்னால் நிற்கிற படம், கண்ணாடி, டிவி எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பினார். மேசையில் புதிதாக இருந்த கம்ப்யூட்டர் திரையையும் திருப்பினார். பிணம் எடுத்த பிறகு எல்லோரும் பழையபடி வைப்பார்கள். எமலின் அக்கா, தானம் வரைக்கும் ஒன்றையும் தொடக் கூடாது என்றுவிட்டார். எட்டு மணிச் செய்திக்கு வரும் பக்கத்து வீட்டார் மூன்று மாதம் டிவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு செய்தி கேட்டார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எமலின் அக்காவைக் கேட்க யாருக்கு முடியும்?

ஏழாம் நாள் தானம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"தம்பியோட மனசு அந்த மெஷின்ல சிக்கிக் கிடக்கு. அத வீட்டுல வச்சிருந்தா அவன் நல்ல இடத்துல போய்ப் பிறக்கமாட்டான். கடுகண்ணாவயிலயே நிப்பான்."

சும்மா சொல்லவில்லை தங்கச்சி. தாய் போன பிறகு உன் அத்தானைத் தூக்கி வளர்த்தது எமலின் அக்காதானே. நானும் நல்ல இடத்துக்குப் போகட்டும் என்றுதான் நினைக்கிறேன், வேண்டாம் என்றா சொல்கிறேன். ஆனால் கொஞ்ச நாள் கடுகண்ணாவயில் நின்றால் என்ன? குளிர்ச்சியான ஊர்தானே.

பூட்டுவதற்கு நல்ல நேரம் பார்க்க எமலின் அக்கா சாஸ்திரக்காரரிடம் போனார். அந்த மனிதர் கம்ப்யூட்டர் பிறந்த நேரம் கேட்டாராம். எந்தச் சாமான் பிறந்த நேரத்தைச் சொல்வது? ப்ராசஸர் ஒரு நாட்டில் பிறந்தது, பெட்டி ஒரு நாட்டில் பிறந்தது. கடைசியில் மதர்போர்டு வீட்டுக்கு வந்த நேரத்தைச் சொல்லி ஜாதகம் போட்டு வாங்கி வந்தார். நல்ல ஜாதகம்தானாம், கல்வி உண்டாம், வெளிநாட்டுப் பயணம் உண்டாம், சனி மட்டும் எட்டில் நிற்பதால் நெருப்பிலும் தண்ணீரிலும் கவனம் வேண்டுமாம். ப்ராசஸரைத் தெற்குப் பார்த்து, நீல உடுப்பு உடுத்தி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் வெள்ளை உடுத்தியிருப்பவள், நீலத்துக்கு எங்கே போவேன்? இடுப்பில் ஒரு நீலக் கைக்குட்டையைச் செருகிக்கொள் என்றார் எமலின் அக்கா. செருகிக்கொண்டேன்.

பூட்டுகிற வேலைக்கு பந்துசேன வந்தார். உன் அத்தானோடு அதே பஸ்ஸில் கடைசிவரை கண்டக்டராக இருந்த மனுஷன். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனா விமலதாச அண்ணனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன் அக்கே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதர்போர்டு பெட்டிக்குள் ஒரு படத்தாள் இருந்துச்சு. படத்தில் ஒரு கை மட்டும்தான், ஆளைக் காணோம். அந்தக் கை எதையோ பிடிச்சு எதிலயோ வைக்குது, பக்கத்தில் அதே கை மேல சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பந்துசேன ரொம்ப நேரம் பாத்துட்டு, இடது கையால வைக்கக் கூடாதுன்னு சொல்றான் அக்கே, நல்ல சம்பிரதாயம் தெரிஞ்ச கம்பெனி என்றார். அதனால் எல்லாத்தையும் வலது கையாலேயே வச்சோம், ஆணி பிடிக்கிறதுகூட நான் என் வலது கையால பிடிக்க அவர் அவருடைய வலது கையால முறுக்கினார்.

ப்ராசஸர் மேல பூசுறதுக்கு ஒரு பசை உண்டு, சாம்பல் நிறத்தில், சின்னக் குழாயில். அது இல்லாட்டி சூடு ஏறி எரிஞ்சுபோகும்னு உன் அத்தான் சொல்லியிருந்தார். தேடுறோம் தேடுறோம், காணோம். நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு. அப்போதான் பார்த்தேன், எமலின் அக்கா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருக்காங்க, ரெண்டு குதிகாலும் சாம்பல் நிறம். அலமாரியில் இருந்த மருந்துதானே, வெடிப்புக்குப் போட்டேன், நல்ல குளிர்ச்சி, ரெண்டே நாளில் மூடிப்போச்சுன்னு காலைத் திருப்பிக் காட்டினாங்க. நிஜமாகவே மூடியிருந்துச்சு. பந்துசேன ஓடிப்போய் பஸ் சக்கரத்துக்குப் போடுற கிரீஸ் டப்பாவோடு வந்தார். முப்பது வருஷம் ஒரு நாளும் எஞ்சின் சூடாகலேன்னு அவர் ஒரு பக்கம், வேண்டாம்னு நான் ஒரு பக்கம். கடைசியில் அந்தக் குழாயைக் கத்தியால கீறி, உள்ளே ஒட்டியிருந்ததை வழிச்சு ஒரு பொட்டு எடுத்தேன். நெத்தியில் பொட்டு வைக்கிற அளவுதான். அதை வச்சு, தெற்குப் பார்த்து, கைக்குட்டையைத் தொட்டுக்கிட்டு ப்ராசஸர் மேல அந்த ஃபேனை இறக்கினேன். ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு, பல்லில் பாக்கு உடைஞ்ச மாதிரி. போச்சுன்னு நினைச்சேன். போகல.

இப்போ உன் கார்டுக்கு வர்றேன். நான் என்ன சொன்னேன், கொஞ்சம் விளையாட்டுக்குன்னுதானே? நீ அனுப்பினது எங்க பெட்டியை விட நீளம். உள்ளே வச்சா ஒரு முனை வெளியே நிக்குது, ஆட்டோவில் பலகை ஏத்தின மாதிரி. பந்துசேன பின்னால ஒரு சிவப்புத் துணி கட்டிவிடலாம்னார். கேலி இல்ல, நிஜமாகவே தேடி எடுத்துட்டு வந்தார். பெட்டியின் முன்பக்கத் தகரத்தை வெட்டித்தான் அதை உள்ளே விட்டோம். கண்ணாடிக் கதவு மூடல. மூடாட்டிப் பரவாயில்லை, அதுக்குள்ள இருக்கிற ஃபேனெல்லாம் சிவப்பும் பச்சையும் ஊதாவுமா மின்னுது. எங்களுக்கு அது தெரியாது. வெசாக் பண்டிகை விளக்குக் கூடு மாதிரி சாவு வீட்டு ஜன்னல் வழியா வெளியே தெரிஞ்சிருக்கு. ரோட்டில் போன யாரோ இங்கே என்ன கலியாணமான்னு கேட்டுட்டாங்க. எமலின் அக்காவுக்கு வந்த கோபத்தில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து பெட்டியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் சுத்திக் கட்டினாங்க. கட்டின கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடேறி அதுவா நின்னுபோச்சு. அவிழ்த்தா ஓடும், கட்டினா நிக்கும். சுத்தினா மூச்சு முட்டுது அக்கான்னு சொன்னேன். மூணு மாசத்துக்கு அது அடக்கமா இருந்தா என்ன குறைஞ்சிடும்னாங்க. பந்துசேனதான் சமாதானம் செஞ்சார். கொசுவலையைச் சுத்தலாம், வெள்ளையும் ஆச்சு, காத்தும் ஆச்சுன்னு. கொசுவலைக்குள்ள அது கலர் கலராத் தூங்கிக்கிட்டிருந்துச்சு.

முதல் தடவை ஓடின கதையை விட்டுட்டேனே. பொத்தானை அழுத்தினேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி அழுத்தினேன். சனி எட்டில்னு எமலின் அக்கா வாசல்ல இருந்து சொன்னாங்க. பந்துசேன யோசிக்காம, கை பழக்கத்தில், பெட்டியின் பக்கத்தில் டப் டப்னு ரெண்டு தட்டு தட்டி, ரைட் போகலாம்னார். போச்சு தங்கச்சி. ஃபேன் சுத்துது, விளக்கு எரியுது. திரை மட்டும் சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கு. திருப்பலாமான்னு பந்துசேன கண்ணால கேட்டார். எமலின் அக்கா நிலைப்படியில் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. திருப்பல. சுவரில் மட்டும் நீலமா ஒரு வெளிச்சம் விழுந்துச்சு. உன் அத்தான் வேறெதுக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதவர், போட்டதும் நேரா விளையாட்டுக்குப் போற மாதிரி அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் செஞ்சு வச்சிருந்தார். பஸ் எஞ்சின் உறுமுற சத்தம் கேட்டுச்சு, உள்ளே சனங்க பேசுற மாதிரி முணுமுணுப்பு. நான் சும்மா ஒரு எழுத்தைத் தொட்டேன்.

ஹார்ன் அடிச்சுச்சு.

அவர் ஹார்ன். அந்த மூணு சுருதி, கடைசி சுருதி மட்டும் கொஞ்சம் இழுத்து. முப்பது வருஷமா உலையில் அரிசி போட நான் காத்திருந்த ஹார்ன் அது. எதிர்வீட்டு நொண்டி நாய் எழுந்து ரோட்டுக்கு ஓடிச்சு. கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகப் புறப்பட்டுக்கிட்டிருந்த குணபால மாமா பையைத் தூக்கிக்கிட்டு, செருப்பைக்கூடப் போடாம ஓட்டமா பஸ் நிறுத்தத்துக்குப் போய் கையை நீட்டிட்டார். பந்துசேன அப்படியே சுவரோடு சாய்ஞ்சு உட்கார்ந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். எமலின் அக்கா அழல. உள்ளே போய் ஒரு தட்டில் சோறும், அவருக்குப் பிடிச்ச மாதிரி புளி போட்ட மீனும் வச்சு, கம்ப்யூட்டர் பக்கத்தில் வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம போனாங்க.

மறுநாளும் வச்சாங்க. தினமும் வச்சாங்க. கொசுவலைக்குள்ள எறும்பு சாரை சாரையாப் போய் பவர் சப்ளைக்குள்ள குடியேறிடுச்சு. ஒரு நாள் பட்டுன்னு நின்னுச்சு. பந்துசேன எல்லாத்தையும் கழட்டி, நான் ஈர்க்கால தட்டித் தட்டி, எறும்பைக் கொல்லாம ஒவ்வொண்ணா வெளியே அனுப்பி, சாவு வீட்டில் உயிர்க்கொலை ஆகாதுன்னு எமலின் அக்கா பக்கத்தில் நின்னு மேற்பார்வை பார்த்து, பாதி நாள் போச்சு. ரெண்டு தட்டு தட்டினதும் பழையபடி ஓடுச்சு.

நான் விளையாடினேன்னு அவங்க உன்கிட்ட சொன்னாங்களே, அது இதுதான். சாயந்தரம் வேலை முடிஞ்சதும் நானும் பந்துசேனவும் உட்கார்ந்து கேப்போம். ஏற்றத்தில் நின்ன பஸ்ஸை எடுக்கத் தெரியாது, எஞ்சினை மட்டும் போட்டு வச்சுக்குவோம். கியர் எது, பிரேக் எது, கதவு எதுன்னு சத்தத்தை வச்சு நானே படிச்சுக்கிட்டேன். கதவு சத்தம் கேட்டா பந்துசேன, ஏறு ஏறு, உள்ளே போங்க, நடுவுல இடமிருக்குன்னு சுவரைப் பார்த்துச் சொல்லுவார். போகும்போது ஒரே ஒரு தடவை ஹார்ன் அடிக்கச் சொல்லுவார். அடிப்பேன். எமலின் அக்கா அடுப்படியில் தேங்காய் துருவிக்கிட்டிருப்பாங்க. ஹார்ன் அடிக்கும்போது துருவுற சத்தம் நிக்கும். அப்புறம் மறுபடி கேக்கும்.

தானத்தன்னைக்கு விகாரையிலிருந்து பிக்கு ஹாமுதுருமார் வந்தாங்க, பாற்சோறு, ஏழு கறி, நீ அனுப்பின காசில் தயிர்ச் சட்டி எல்லாம் படைச்சோம். பொருள் கொடுக்கிற நேரம் வந்ததும் எமலின் அக்கா எழுந்து முதல் தடவையாத் திரையைத் திருப்பினாங்க. பஸ் தெரிஞ்சுச்சு. அவ்வளவு நாள் கேட்டதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். சிவப்பு பஸ், கண்ணாடியில் மாலை, மழை. ஏற்றத்தில் ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுக்கிட்டிருக்கு. ஊர் சனமெல்லாம் நெருக்கிக்கிட்டு எட்டிப் பார்த்துச்சு. எமலின் அக்கா பெரிய ஹாமுதுருகிட்ட கும்பிட்டு, வழியில நிக்கிற வண்டியத் தானமாக் கொடுக்கலாமான்னு கேட்டாங்க. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆள் ஏறியிருக்கிற வண்டியக் குடுத்தா ஆளையும் சேர்த்துல்ல நாங்க வாங்கணும். விகாரையில இடம் பத்தாது. கொண்டுபோய் இறக்கிட்டுக் குடுங்க."

யார் ஓட்டுறது? பந்துசேனவைப் பார்த்தாங்க. நான் ஆயுசுக்கும் பின்னால நின்னவன், முன்னால உட்கார மாட்டேன்னு கையை எடுத்துட்டார். இளைய ஹாமுதுரு ஒருத்தர் ஆசையா ஒரு அடி முன்னால வச்சார், பெரியவர் பார்த்த பார்வையில் திரும்பப் போய் உட்கார்ந்துட்டார். துறவிகள் வண்டி ஓட்டக் கூடாதே. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு நான் உட்கார்ந்தேன். பஸ்ஸில் முன் சீட்டு எங்களுக்குத்தானேன்னு பெரிய ஹாமுதுரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கிட்டார்.

எடுத்தேன். முதலில் பின்னால போச்சு. கத்தினாங்க. அப்புறம் முன்னால போச்சு, ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்ள போச்சு, வெளியே வந்துச்சு. என் முதுகுக்குப் பின்னால அத்தனை பேரும் டிரைவர். இடப்பக்கம் எடுன்னு ஒருத்தர், விளக்கைப் போடுன்னு ஒருத்தர், குணபால மாமா மட்டும் இது கொழும்புக்குப் போகாதான்னு கேட்டுக்கிட்டிருந்தார். பந்துசேன கதவோரம் நின்னு, பேராதனை பேராதனைன்னு கூவினார். நான் மெதுவாப் போனேன். நடந்து போறவங்க எங்களை முந்தினாங்க. வேணும்னேதான் தங்கச்சி. போய்ச் சேர்ந்துட்டா கொடுத்துடணுமே. பேராதனைப் பாலத்தில் நேரா போகாம பூந்தோட்டம் பக்கம் திருப்பினேன், சுத்தினேன், மறுபடி அதே பாலத்துக்கு வந்தேன். பெரிய ஹாமுதுரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உபாசகம்மா, இந்த வேகத்துல போனா அடுத்த புத்தர் வர்ற நேரத்துக்குத்தான் கண்டி போவோம்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் இன்னொரு சுத்து சுத்தினேன்.

அப்போ என் தோள் மேல ஒரு கை விழுந்துச்சு. எமலின் அக்கா கை.

"பியசீலி. கொண்டுபோய் விட்டுடு."

அவ்வளவுதான் சொன்னாங்க. நான் நேரா ஓட்டினேன். கண்டி பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஒவ்வொருத்தரா இறங்கினாங்க, பிள்ளைங்களும் இறங்குச்சு. பின்னால திரும்பிப் பார்க்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு, அதை அழுத்திப் பார்த்தேன். டிரைவருக்குப் பின்பக்கம், ஜன்னலோரம், ஒருத்தரும் தூங்கல. எல்லாரும் இறங்கிட்டாங்க. எஞ்சினை நிறுத்தினேன். எமலின் அக்காவும் நானும் சேர்ந்து ஒரே கூஜாவைப் பிடிச்சுத் தானத் தண்ணி வார்த்தோம். வலது கையாலதான். பெட்டியைக் கொசுவலையோடு ஆட்டோவில் ஏத்தி அனுப்பிட்டோம்.

ஆகையால் தங்கையே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எல்லாம் முடிந்தது. கம்ப்யூட்டர் விகாரைக்குப் போய்விட்டது, இனி அந்தச் சாமான் எதையும் இந்தக் கையால் தொடமாட்டேன். எமலின் அக்காவும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் அவருக்கும் இனிப் பேச ஒன்றுமில்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. நீ சொன்னபடியே நான் மிலானுக்கு வந்துவிடுகிறேன். நீ டிக்கெட் போடு. அந்த அம்மாவுக்குக் கால் பிடித்துவிடவும், பூனைக்கு மீன் வைக்கவும் நானும் ஓர் ஆள் ஆச்சு.

உனக்கு நீண்ட ஆயுளும், நோயில்லாத உடம்பும், கடைசிக் காலத்தில் அமைதியும் வாய்க்கட்டும். உன் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் என் ஆசி. இந்தப் புண்ணியத்தில் உன் அத்தானுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பியசீலி.

பின்குறிப்பு: சந்திராணியின் பயணம் தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் கருவாட்டோடு அலமாரியிலேயே இருந்துவிட்டது. இடையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். விகாரையில் இளைய ஹாமுதுருமார் யாரும் ஓட்டவில்லையாம், ஆனால் மாறி மாறி ஹார்ன் அடித்திருக்கிறார்கள். பிரித் ஓதும்போது அடித்த அன்று பெரிய ஹாமுதுரு அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டார். புண்ணியத்தை விகாரை ஏற்றுக்கொண்டது, பெட்டி உபாசகம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா என்று எமலின் அக்கா சண்டைக்கு வந்தாங்க. வந்தவங்க, தம்பி மனசு மறுபடி இதில் வந்து ஒட்டாம யாராவது சொந்த ரத்தம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கணும்னு சொல்லித் துணிப்பையோடு இங்கேயே தங்கிட்டாங்க. பார்த்துக்கிறதுன்னா எப்படின்னு கேளு. விளக்கு வச்ச கையோடு உட்கார்ந்து கொழும்பிலிருந்து கண்டிக்கு ஓட்டுறாங்க. என்ன வேகம் தெரியுமா, ஒரு நிறுத்தத்திலும் நிறுத்துறதில்லை, பந்துசேன மணி அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போறார். நம்ம வீட்டு வளைவு வரும்போது மட்டும் வேகத்தைக் குறைச்சு ஹார்ன் அடிப்பாங்க. அப்போ அவங்களும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதில்லை. என் முறை வருதான்னு நானும் தேத்தண்ணியோடு நின்னு பார்க்கிறேன், அம்பேபுஸ்ஸ வரலேன்னு சொல்றாங்க. அதனால் மேலே எழுதினதையெல்லாம் எழுதாததா வச்சுக்கோ. டிக்கெட் போடாதே, போட்டிருந்தா திருப்பிக் கொடுத்துடு. அதுக்குப் பதிலா எனக்கு இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சாமான் அனுப்பு. விலை குறைஞ்சது போதும், கார்டு சின்னதாப் பார்த்து அனுப்பு, பூட்டுறதை நானே பார்த்துக்குவேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு, அவங்க இப்போ ராத்திரி சர்வீஸும் தொடங்கிட்டாங்க.